அமுதா தோற்கவில்லை

செண்பகத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஐந்து வருஷம் அவரோடு விடாமல் சண்டை போட்டிருக்கிறேன் என்பதுதான் என் பதில். அவர் பக்கம் நின்று கைதட்டியவர்கள் எழுதினால் வெறும் புகழ்ச்சியாகப் போய்விடும். நான் எழுதினால் வயிற்றெரிச்சலோடு சேர்த்து உண்மையும் வரும்.

என் பெயர் ஸ்ரீராமன். திருவள்ளூர் கோர்ட்டில் எழுத்தர். எங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, பெரியப்பா எல்லோரும் கோயில் கைங்கரியம். நான் ஒருவன்தான் காமிக்ஸ் கைங்கரியத்துக்குப் போனவன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் பொம்மைப் புத்தகம் படிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

தொண்ணூறுகளில் ‘பருந்து காமிக்ஸ்’ என்று ஒன்று மாதாமாதம் வந்தது. அதன் நாயகன் வெண்பருந்து. பறப்பான், மலையைத் தூக்குவான், அட்டைப்படத்தில் எப்போதும் யாரையாவது குத்திக்கொண்டிருப்பான். அவன் கதை அறுபது பக்கம். அது முடிந்ததும் கடைசியில் நான்கு பக்கத்துக்கு வேறு ஒரு சின்னக் கதை இருக்கும். மழையில் கரையும் உப்பு மனிதன், நாளை எழுதப்போகும் கடிதத்தை இன்றைக்கே கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் நாகப்பன் என்று, தனிப் புத்தகம் போடும் அளவுக்கு மவுசு இல்லாதவர்கள் எல்லாம் அங்கே வந்து போவார்கள். இதைத்தான் நாங்கள் பின்கதை என்போம்.

அந்தப் பழைய வாசகர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு திருவள்ளூர் ஸ்டேஷன் அருகே ஒரு ஓட்டலின் மாடியில் கூடுவோம். குழுவில் இரண்டு கட்சி. வெண்பருந்துதான் எல்லாம் என்பது முன்பக்கக் கட்சி, அதன் தலைவன் நான். பின்கதையில்தான் உயிர் இருக்கிறது என்பது பின்பக்கக் கட்சி. “பின்கதை என்பது சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கும் பீடா, பீடாவுக்காக யாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை” என்று நான் ஒருமுறை எழுதினேன். அதற்கு உடனே ஒரு பதில் வந்தது: “பீடா போடாதவங்களுக்கு வாய் நாறும் சார்.” எழுதியவர் செண்பகம். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் சண்டை.

செண்பகத்துக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சிப்காட் வந்த பிறகு அப்பா ஓர் இரும்பு ஆலைக்கு லோடு ஏற்றப் போனார். அண்ணன் ஜெயராஜுக்குப் பருந்து காமிக்ஸ் என்றால் உயிர். ஸ்டேஷன் கடையில் வாங்கி வருவான். தங்கையும் அதே புத்தகம் வேண்டும் என்று அடம் பிடிக்க, தினமும் வீட்டில் ரகளை. கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னார். புத்தகம் வந்த அன்றே பின்கதையை மட்டும் நூல் வைத்து நறுக்கென்று கிழித்துத் தங்கையிடம் கொடுத்துவிட வேண்டும். முன்பக்கம் அவனுக்கு, பின்பக்கம் இவளுக்கு. அதற்கப்புறம் ஒருவர் பங்கை மற்றவர் தொடக்கூடாது.

இந்தப் பங்கீட்டை இரண்டு பேரும் மூன்று வருஷம் காப்பாற்றியிருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், நாங்கள் எல்லோரும் வெண்பருந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண் வெண்பருந்தின் மூக்கைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்குக் காமிக்ஸ் என்றாலே அந்த நான்கு பக்கம்தான். அண்ணன் தன் பங்கையெல்லாம் எங்கெங்கோ தொலைத்துவிட்டான். தங்கை தன் பங்கை ஊசி நூலால் தைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.

அந்த டப்பாவில் அவருக்கு மிகவும் பிடித்தது ‘அலைவரிசை அமுதா’. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஒரு மழை நாளில் கம்பி வழியாக மின்னல் பாய்ந்து, நூறு மைல் சுற்றளவில் எந்தக் குரலையும் கேட்கும் சக்தி அவளுக்கு வந்துவிடுகிறது. அவள் பறக்க மாட்டாள், குத்த மாட்டாள். உட்கார்ந்த இடத்தில் காதைத் தீட்டிக் கேட்பாள், ஆபத்தில் இருக்கிறவர்களுக்கு யாரை இணைக்க வேண்டுமோ அவர்களை இணைப்பாள். இருபத்து மூன்று மாதம் தொடர்ந்து வந்த கதை.

இருபத்து நான்காவது, கடைசி அத்தியாயம், ஒரு தீபாவளி மலரில் எட்டுப் பக்கமாக வந்தது. அதைப் படித்துவிட்டுப் பதின்மூன்று வயதுச் செண்பகம் தீபாவளிக்குச் சாப்பிடவே இல்லையாம். காரணம், அந்த அத்தியாயத்தில் அமுதா தோற்றுப்போகிறாள்.

அதை நான் விவரமாகச் சொல்லியாக வேண்டும். முதல் பக்கத்தில் இரைச்சல்ராஜா என்ற வில்லன் ஒரு பூதாகாரமான ஒலி இயந்திரத்தை முடுக்குகிறான். ஊரே காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறது. புரட்டினால், அடுத்த இரண்டு பக்கத்திலேயே இயந்திரம் வெடித்துக் கிடக்கிறது, வில்லன் கையில் விலங்கு. சரி, முடிந்தது என்று புரட்டினால், அமுதாவுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. ஊரின் எல்லா டெலிபோன் கம்பிகளையும் தன் உடம்பில் சேர்த்துப் பிடிக்கிறாள், சக்தியெல்லாம் எரிந்து போகிறது. மறுபடி புரட்டினால், வில்லன் அலுங்காமல் குலுங்காமல் நிற்கிறான்: “என்னோடு சேர்ந்துவிடு, இல்லாவிட்டால் உன் செவியைப் பறித்துவிடுவேன்!” கடைசிப் பக்கத்தில் அமுதா சக்தியில்லாத சாதாரணப் பெண்ணாக எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, “வணக்கம், எந்த நம்பர் வேண்டும்?” என்கிறாள். அதோடு முற்றும்.

விலங்கு மாட்டியவன் எப்படித் தப்பினான்? எப்போது அவள் செவியைப் பறித்தான்? ஒரு விளக்கமும் இல்லை. அதன் பிறகு பத்திரிகையும் நின்றுவிட்டது. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்ற பெயரும் போடவில்லை. எழுதியவர் குடித்துவிட்டு எழுதினார் என்பது என் கட்சி. அப்படித்தான் குழுவில் நூறு தடவை எழுதியிருக்கிறேன்.

பொன்னேரியிலிருந்து ராபின் என்று ஒருவர் வருவார். முப்பது வயது, கார் கம்பெனியில் இன்ஜினியர். பழைய புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை, எல்லாம் போனில் ஸ்கேன் பார்த்துப் படித்தவர். அவர் சொன்னது வேறு. அது குழப்பமே இல்லையாம், காலச்சுழலாம். அமுதா காலத்தில் சிக்கிக்கொண்டாள், வில்லன் ஒவ்வொரு முறையும் திரும்பி வருவான், அவள் ஒவ்வொரு முறையும் தோற்பாள். இதை விளக்கி நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். எல்லாவற்றையும் நான் கேட்டேன், என் தலையெழுத்து.

“தம்பி, நீ இன்னா சொன்னாலும் சரி, அவ தோக்கல,” என்பார் செண்பகம்.

“ஆதாரம் இன்னாக்கா?”

“ஆதாரம் இல்ல. ஆனா இருபத்தி மூணு மாசம் அவள எனக்குத் தெரியும்.”

நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.

செண்பகம் பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில் சிப்காட்டில் ஓர் அச்சு ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தவர். மருந்துப் பெட்டிகளும், பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டுகளும் அங்கே அச்சாகின்றன. பதினோரு வருஷம் கழித்துத்தான் நிரந்தரம் ஆக்கினார்கள். அதுவும் சும்மா இல்லை. மாத்திரை அளவு தப்பாக அச்சான ஒரு லாட்டை இவர் ஒருத்தர் பிடித்து, சூப்பர்வைசர் போ போ என்று விரட்டியும் மிஷின் முன்னால் நின்று மறித்தார். அப்புறம் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துக் கும்பிடு போட்டார்கள். இன்றைக்கு அங்கே அவர்தான் செக்கர். அவர் தலையசைக்காமல் ஒரு தாள் வெளியே போகாது. கணவர் ஸ்டீபன் பக்கத்து ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மனைவியின் காமிக்ஸ் பைத்தியத்தைப் பற்றி அவரைக் கேட்டால், “நான் கிரிக்கெட் பாக்குறேன், அவ அமுதா பாக்குறா, டி.வி. சண்டை இல்ல,” என்பார். அவ்வளவு நிம்மதியான மனிதர்.

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் குழுவில் ஒரு பெரிய செய்தி வந்தது. மீஞ்சூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் மோகன்ராஜ், பழைய பதிப்பாளர் குடும்பத்திடம் முறைப்படி எழுதி வாங்கி, அலைவரிசை அமுதாவை முழுத் தொகுப்பாக, கெட்டி அட்டையில் போடப்போகிறார். செண்பகம் அன்றைக்கு முழுக்கக் குழுவில் பூங்கொத்துப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார். நானும் ஒரு வாழ்த்துச் சொன்னேன், பெருந்தன்மையாக.

இரண்டு மாதம் கழித்து அடுத்த செய்தி வந்தது. கடைசி அத்தியாயம் புரியாமல் இருப்பதால் அதைத் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக ராபினின் காலச்சுழலை வைத்துப் புதிதாக எட்டுப் பக்கம் எழுதி, ஒருவரிடம் வரையக் கொடுத்து, படமும் வந்துவிட்டது. அந்த முடிவில் அமுதா என்றென்றைக்கும் தோற்றுக்கொண்டே இருப்பாள். அடுத்த திங்கட்கிழமை காலை பைல் அச்சகத்துக்குப் போகிறது. அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்துவிடலாம்.

செண்பகம் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். “சார், நீங்க அவள பீடான்னு சொன்னீங்க. இவனுங்க அவளக் குப்பையில போடுறானுங்க. இனிமே வர்ற பசங்கல்லாம் இதத்தானே படிப்பாங்க.” பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இது நடந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை ஆலையில் ஒரு டானிக்குக்கான எட்டுப் பக்கச் சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தாளில் முன்னால் நான்கு பக்கம், பின்னால் நான்கு பக்கம் அச்சடித்து, இரண்டு மடிப்பு மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். மடித்து வந்ததில் ஒன்றைச் செண்பகம் எடுத்துப் புரட்டினார். முதல் பக்கம் சரி, கடைசிப் பக்கம் சரி, எல்லா எழுத்தும் நேராகத்தான் இருந்தன. ஆனால் குடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது முன்னாலும், எப்படிக் குடிக்க வேண்டும் என்பது பின்னாலும் இருந்தது. மிஷினை நிறுத்தச் சொன்னார். பார்த்தால், ஒரு பக்கம் அச்சடித்த தாள்கட்டை இரண்டாவது பக்கத்துக்குப் போடும்போது மிஷின்காரர் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் எதுவும் கோணலாகத் தெரியாது. நடுவில் இருக்கிற இரட்டைப் பக்கங்கள் மட்டும் பின்னது முன்னாலும் முன்னது பின்னாலுமாக மாறிவிடும்.

அந்த வேலையில் இது எப்போதாவது நடப்பதுதான். செண்பகம் சிவப்பு மையில் கோடு போட்டு லாட்டை ஒதுக்கினார். மிஷின்காரரைத் திட்டினார். கேன்டீனுக்குப் போய்ச் சாம்பார் சாதத்தில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றதாம்.

“முதல் பக்கம் சரி, கடைசிப் பக்கம் சரி, நடுவுல மட்டும் ஒளறல். சார், எனக்கு ஒடம்பெல்லாம் ஜில்லுனு ஆயிப்போச்சு. சோத்த அப்புடியே உட்டுட்டு டப்பாவப் பாக்க வூட்டுக்கு ஓடிட்டேன்,” என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஞாயிறு காலை மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், மாறி, திருவள்ளூர் வந்து சேர்ந்தார். பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டல் மாடிப்படியில் ஏறி வந்தவரைப் பார்த்து, “நாஷ்டா ஆச்சாக்கா?” என்று ராபின் கேட்டார். “அப்பறம் துன்னுக்கலாம், எல்லாரும் ஒக்காருங்க,” என்றார் செண்பகம். பதினெட்டுப் பேர் இருந்தோம். மேசையில் ராபினின் புதிய எட்டுப் பக்கம் பளபளவென்று கிடந்தது.

செண்பகம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எட்டு எண்கள் எழுதி, மடித்து, சரியாகப் போட்டால் எப்படி வரும், திருப்பிப் போட்டால் எப்படி வரும் என்று காட்டினார். திருப்பிப் போட்டபோது வரிசை இப்படி வந்தது: ஒன்று, ஆறு, ஏழு, நான்கு, ஐந்து, இரண்டு, மூன்று, எட்டு.

“நம்ம அமுதா கதையும் இப்புடித்தான் அச்சாயிருக்குது. பின்கதைக்குப் பக்க நம்பர் போட மாட்டானுங்க, அதனால எவனும் கண்டுக்கல. நடுவுல இருக்கிறத கடைசியிலர்ந்து முன்னாடி படிங்க. வில்லன் வந்து மெரட்றான். அவ சண்ட போட்றா. மிஷின் வெடிக்குது, அவன் மாட்டிக்கிறான். அப்பறம் அவ வேலைக்கு வந்து ஒக்கார்றா. அவன் அவ காதப் புடுங்கல. ஊரக் காப்பாத்த அவளே குடுத்துட்டா.”

கேட்கும்போதே அவர் சொல்வது சரி என்று எனக்குப் பட்டது. ஆனால் வாய் பழக்க தோஷம், “கேட்க நன்னாத்தான் இருக்கு. நிரூபிக்கணுமே,” என்றேன்.

“அதான சார்,” என்று ராபின் பிடித்துக்கொண்டார். “எந்தக் கதையையும் கலச்சிப் போட்டா வேற ஒரு கதை வரும்க்கா. என்னோடதும் ஒரு வரிசை, உங்களோடதும் ஒரு வரிசை. அவ்ளோதான்.”

“கீழ பாரு,” என்றார் செண்பகம். “ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஒரு டெலிபோன் கம்பி ஓடுது. ஒரு பக்கத்துல மேல ஏறிப் போவுது, ஒரு பக்கத்துல தொங்குது. வரைஞ்சவரு ஒரே கம்பியா எட்டுப் பக்கத்துக்கும் இழுத்திருக்காரு. என் வரிசையில வெச்சா எங்கியும் அறுந்துபோவாது.”

நாங்கள் எல்லோரும் அந்தக் கம்பியைப் பார்த்திருக்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் எகிறிக் குதிக்கும். சோம்பேறி ஓவியர் என்று நானே எழுதியிருக்கிறேன்.

ராபின் போனை எடுத்தார், ஸ்கேனைப் பார்த்துவிடலாம் என்று. மோகன்ராஜ் கையை நீட்டித் தடுத்தார். எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கம்ப்யூட்டரில் தயாரித்த பொய் அட்டைப்படத்தைக் காட்டி எங்கள் அத்தனை பேரையும் முட்டாளாக்கினார். அன்றிலிருந்து எந்த விவகாரமானாலும் காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும், ஸ்கேன் செல்லாது.

“காகிதம் இருக்குதே,” என்று செண்பகம் டப்பாவைத் திறந்தார். நூலைப் பிரித்து நான்கு தாளையும் வெளியே எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான்கு தாளில் எட்டுப் பக்கம், முன்னும் பின்னுமாக. ஒன்றாம் பக்கத்தைக் காட்டினால் அதன் முதுகில் இருக்கும் ஆறாம் பக்கம் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டையும் ஒரே வரிசையில் பரப்ப இரண்டு பிரதி வேண்டும்.

ராபின் இன்னொன்றும் சொன்னார். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. “இது உங்க அண்ணன் கிழிச்சுக் குடுத்தது, நீங்க தச்சது. புத்தகத்துல எந்த வரிசையில இருந்துச்சுன்னு இத வெச்சு எப்புடிக்கா சொல்றது? முழு புக் இருந்தாத்தான் பேச முடியும்.”

முழுப் புத்தகம் எங்கள் நாற்பது பேரில் ஒருவனிடம்தான் இருந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின.

அந்தத் தீபாவளி மலர் என் வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள், கற்பூர வில்லையோடு, பீரோவில் இருந்தது. வாங்கிய வருஷம் ஒரே ஒரு முறை படித்தேன். அதற்குப் பிறகு சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வரும். புதுப் புத்தகத்தின் விறைப்பு அதுவரை போகவில்லை. அதன் முதுகில் அடித்திருக்கும் கம்பி ஊசியைக் கழற்றி, தாள் தாளாகப் பிரித்துவிட்டால் அப்புறம் அது புத்தகம் இல்லை, கட்டுக் காகிதம்.

“வேணாம் சார், உங்கள நான் கேக்க மாட்டேன்,” என்றார் செண்பகம். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் குத்தியது. இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையில் ஆவணத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிற ஆசாமியை எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போய்விடும். அந்த மாடியில் அப்போது அந்த ஆசாமி நான்தான்.

எழுந்து வீட்டுக்கு நடந்தேன். பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து என் மனைவி ஜானவி விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். “முப்பது வருஷமாப் பிரிச்சுப் படிக்காத புஸ்தகத்துக்கு எதுக்குன்னா இத்தனை உபசாரம்? கொண்டுபோய்க் கொடுங்கோ,” என்றாள். ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். நடந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

மேசையில் வைத்ததும் முதலில் மோகன்ராஜ் பக்கங்களைப் புரட்டி, அச்சில் இருக்கும் வரிசையை எல்லோருக்கும் காட்டினார். விலங்கு, சண்டை, மிரட்டல், அதே குழப்பம். பிறகு செண்பகம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஊசியின் கால்களைச் சின்னக் கத்தரியின் முனையால் நிமிர்த்தினார். பேப்பரோடு இருபத்தேழு வருஷம் பழகிய கை. ஒரு தாள்கூட ஓரம் கிழியவில்லை. ஒவ்வொரு தாள் வரும்போதும் எனக்குத்தான் பல் கூசியது.

அவருடைய நான்கு தாள் ஒரு முகம் காட்ட, என்னுடைய நான்கு தாள் மறுமுகம் காட்ட, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எட்டுப் பக்கத்தையும் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் பக்கத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பிய கம்பி இரண்டாம் பக்கத்துக்குள் அதே உயரத்தில் நுழைந்தது. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் மரக்கம்பத்தில் ஏறியது, நான்காம் பக்கத்தில் கம்பத்திலிருந்து இறங்கியது. ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. எட்டில் அதைக் காணோமே என்று நான் குறை சொல்லப் போனேன். அது எட்டாம் பக்கத்தில் பறந்துவிட்டது, கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் கம்பி அமுதாவின் மேசையில் இருக்கும் டெலிபோனுக்குள் போய் முடிந்தது. எங்கும் அறுபடவில்லை.

அப்புறம் மோகன்ராஜ் மேசையோடு நடந்துகொண்டே எட்டுப் பக்கத்தையும் உரக்கப் படித்தார். முடிவுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். சக்தியெல்லாம் எரிந்து, ஊரே அமைதியாகி, தூரத்துக் குரல் எதுவும் இனித் தனக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவள் சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்து உட்காருகிறாள். “வணக்கம், எந்த நம்பர் வேண்டும்?” முப்பது வருஷமாக நான் பரிதாபமான வரி என்று நினைத்ததை அந்த மாடியில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெண்பருந்து தன் அறுபது பக்கத்தில் ஒரு நாளும் இப்படி ஜெயித்ததில்லை. இதை முன்பக்கக் கட்சியின் தலைவனாகவே சொல்லுகிறேன்.

முதலில் வாய் திறந்தது ராபின்தான். “இன்னாக்கா இது… இத்தினி வருஷமா எல்லாரும் ரிவர்ஸ்லயா படிச்சிகினு இருந்தோம்?”

“நான் சொன்னேனே தம்பி, அவ தோக்கலன்னு!” செண்பகம் இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. “தோக்கல! தோக்கவே இல்ல!”

ராபின் தன் பளபளப்பான எட்டுப் பக்கத்தையும் எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “காலச்சுழல் காலியாயிடுச்சி சார்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னவர், முதல் ஆளாக விசில் அடித்தார். அந்தப் பிள்ளையை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. பதினெட்டுப் பேரும் போட்ட கூச்சலில் கீழே ஓட்டல்காரர் பயந்துபோய் ஆளை அனுப்பினார். மோகன்ராஜ் அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டு, பைல் கொஞ்ச நாள் தாமதமாகும், கடைசி அத்தியாயம் பழையதே வருகிறது, சரியான வரிசையில் வருகிறது என்று சொன்னார்.

மார்கழியில் தொகுப்பு அச்சுக்குப் போனது. கடைசி அத்தியாயம் ஓடும் நாளில் அச்சகத்துக்கு வருவேன் என்று செண்பகம் சொல்லிவிட்டார். ஆலையில் ஒரு நாள் லீவு போட்டு வந்தார். மோகன்ராஜும் ராபினும் நானும் கூடப் போனோம். முன்பக்கம் அச்சாகிக் காய்ந்த தாள்கள் கட்டாக நின்றன. மிஷின்காரர் கட்டைத் தூக்கி இரண்டாவது பக்கத்துக்கு வைத்துவிட்டுப் பித்தானை அழுத்தப் போனார்.

“அண்ணே, இருங்க,” என்றார் செண்பகம். “ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துக் குடுங்க.”

“நாங்க பாக்காததாம்மா? முப்பது வருஷ சர்வீஸு.”

“அன்னிக்கு அமுதாவத் திருப்பிப் போட்டவரும் இததாண்ணே சொல்லியிருப்பாரு. குடுங்க.”

மிஷின்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரே ஒரு தாளை ஓட்டி எடுத்துக் கொடுத்தார். செண்பகம் அதைத் தரையில் விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு மடிப்பு மடித்தார். நகத்தால் அழுத்தித் தேய்த்தார். இன்னொரு மடிப்பு. ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் புரட்டினார். மிரட்டல், சண்டை, வெடிப்பு, விலங்கு, வணக்கம். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் கம்பியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் தலைக்கு மேல் குனிந்து நின்றோம்.

எழுந்தார். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்காமலே உருவி, ஆலையில் செய்கிற மாதிரி அந்தத் தாளின் மூலையில் தன் பெயரை எழுதி, மிஷின்காரர் கையில் கொடுத்தார்.

“சரியா இருக்குதுண்ணே. ஓட்டுங்க.”